இரண்டாம் கட்டத்துக்கு முன் கருமபீடத்தையும் கேளுங்கள்

தலைமையகத்தின் தகவல் தொழில்நுட்பச் செயற்றிட்டக் குழுவினருக்கு,

வணக்கம். நம் வங்கியின் கடன் பிரிவையும் புதிய மென்பொருளுக்கு மாற்றும் இரண்டாம் கட்டத்துக்கான சுற்றறிக்கை கடந்த வாரம் திருகோணமலைக் கிளைக்கும் வந்து சேர்ந்தது. இணைப்பிலிருந்த குழுப் பட்டியலில் ஆலோசகர்களும் மென்பொருள் வழங்குநரின் பிரதிநிதிகளும் பிரிவுத் தலைவர்களும் இருக்கிறார்கள். கருமபீடத்தில் வாடிக்கையாளரின் முகம் பார்த்து வேலை செய்யும் ஒருவர்கூட இல்லை. முதற் கட்டத்தில் நடந்தவை தாங்கள் அறிந்தவையே என்பதால் அவற்றை மீண்டும் அடுக்கப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல அனுமதியுங்கள்.

முதற் கட்டத்தில் சேமிப்புக் கணக்குகளை மாற்றியபோது வாடிக்கையாளரை இனங்காணத் தேசிய அடையாள அட்டை இலக்கத்தையே ஆதாரமாகக் கொண்டீர்கள். 2016 முதல் வழங்கப்படும் இலக்கத்துக்கு 12 தானங்கள். பழையதற்கு 9 தானங்களும் ஓர் ஆங்கில எழுத்தும். பழையதன் முன்னால் 19ஐச் சேர்த்து, பழைய இலக்கத்தின் ஐந்தாம் தானத்தை அடுத்து ஒரு பூச்சியத்தை இட்டு, எழுத்தை நீக்கினால் புதியது கிடைத்துவிடும் என்பது எங்கள் கிளையின் பயிலுநருக்கும் தெரியும். தங்கள் முறைமைக்குத் தெரியவில்லை. பழைய அட்டையில் கணக்குத் தொடங்கிப் பின்னர் புதிய அட்டை பெற்றவர் அதன் பார்வையில் இரண்டு ஆட்கள்.

மூதூரிலிருந்து பஸ் ஏறி வந்த முதியவள் ஒருவர் பணம் எடுக்கப் புதிய அட்டையை நீட்டினார். திரையில் இருப்பு 0.00. அவர் கையிலிருந்த சேமிப்புப் புத்தகத்திலோ எங்கள் கிளையின் முத்திரையோடு தொகை அச்சாகியிருந்தது. "அப்ப இந்தப் புத்தகம் பொய்யா பிள்ளை?" என்று கேட்டார். பணம் பத்திரமாகவே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். ஆனால் இரண்டு பதிவுகளையும் இணைக்கும் அதிகாரம் கொழும்பில் மட்டுமே இருந்தது. பிழையைத் திருத்தக் கேட்டு முறைமையில் முறைப்பாடு (டிக்கெட்) பதிந்தோம். கருமபீடத்தை மூடும் வரை அவர் வாங்கிலேயே இருந்துவிட்டு வெறுங்கையோடு போனார். மறுநாள் வந்த பதில்: 'பயனர் தவறு. டிக்கெட் மூடப்பட்டது.' எந்தப் பயனர் என்பதையும் தெரிவித்திருந்தால் நன்றியுடையவர்களாக இருந்திருப்போம்.

இந்தப் பிழையைப் பிடிக்கப் பெரிய வித்தை தேவையில்லை. பரிசோதனைத் தரவில் பழைய இலக்கம் ஒன்றேனும் இருந்திருந்தால் போதும். முறைமை சரியாக இயங்குகிறது என்று நாங்கள் ஒப்பமிட வேண்டிய ஏற்புப் பரிசோதனைப் படிவமோ எங்களுக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் வந்தது, திங்கட்கிழமை காலை முறைமை நடைமுறைக்கு வந்துவிட்டது. இடையில் கையொப்பம் வைக்க மட்டுமே நேரமிருந்தது.

ஆகவே எங்கள் கோரிக்கை இதுதான். கிளைகளின் கருமபீட உத்தியோகத்தர் இருவரையாவது இரண்டாம் கட்டக் குழுவில் தொடக்கம் முதலே சேர்த்துக்கொள்ளுங்கள். 'இன்னும் ஆயத்தமில்லை' என்று அவர்கள் சொன்னால் திகதியைத் தள்ளிவைக்கும் ஏற்பாட்டையும் எழுத்தில் தாருங்கள்.

தங்கள் விளக்கப்படங்களில் பக்கத்துக்குப் பக்கம் 'அஜைல்' என்றிருந்தது. 2001இல் பிரகடனம் கண்ட அந்த மென்பொருள் உருவாக்க முறையின் 12 கொள்கைகளில் ஒன்று, தொழிலை நடத்துபவர்களும் மென்பொருளை எழுதுபவர்களும் செயற்றிட்டம் முழுவதும் நாளாந்தம் சேர்ந்து வேலை செய்ய வேண்டும் என்பது. எங்களுக்குக் கிடைத்ததோ, ஓய்வூதியக்காரர்கள் வாசலில் வரிசை நிற்கும் காலை ஒன்பது மணிக்கு ஒரு சூம் கூட்டம். 15 நிமிடத்தில் முடிய வேண்டியது ஒரு மணித்தியாலம் நீளும்; நாங்கள் ஒலிவாங்கியை அணைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். வார அறிக்கையில் எல்லாக் கட்டங்களும் 'சிக்கலில்லை' என்று காட்டும் பச்சை நிறத்தில். நிலாவெளிக்குக் குளிக்க வரும் வெள்ளைக்காரர்கூட எங்கள் கிளையை எட்டிப் பார்த்திருக்கிறார்கள். தங்கள் குழுவில் ஒருவர் வந்ததாக நினைவில்லை.

மன்னிக்கவும், விடயத்துக்கே வருகிறேன். சேமிப்பில் ஓர் ஆள் இரண்டாகப் பிரிந்தால் பணம் எடுப்பது தாமதமாகும். கடனில் பிரிந்தால், கட்டிய தவணை ஒரு பதிவிலும் நிலுவை மற்றப் பதிவிலும் ஏறி, ஒழுங்காகக் கட்டி வந்த கிண்ணியா மீனவருக்கும் அவருக்காகக் கையொப்பமிட்ட பிணையாளிக்கும் கோரிக்கைக் கடிதம் போகும். பிரித்தானியாவின் டிஎஸ்பி வங்கி 2018 ஏப்ரலில் ஆயத்தமில்லாத முறைமைக்கு மாறி, வாடிக்கையாளர்கள் தம் கணக்குகளைப் பார்க்கவே முடியாமல் தவிக்க, 2022இல் 4 கோடியே 86 இலட்சம் பவுணுக்கு மேல் அபராதம் கட்டியது. நமக்கு அபராதம் விதிக்க எவரும் வராமல் போகலாம். கடிதம் கிடைத்தவர்கள் நிச்சயம் கருமபீடத்துக்கு வருவார்கள்.

கருமபீட உத்தியோகத்தர் இருவரைக் குழுவில் சேர்த்துக்கொள்ளுமாறு மீண்டும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம். எங்கள் கிளையிலிருந்து ஒருவரை அனுப்ப முகாமையாளர் இணங்கியுள்ளார். அவர் குழுவில் இருக்கும் நாட்களில் கருமபீடத்துக்குப் பதிலாள் தரப்படுமா என்பதை, திகதியை நிர்ணயிக்கும் முன்னர் அறியத்தரவும்.

இப்படிக்கு,
கருமபீட உத்தியோகத்தர் ஒருவர்,
திருகோணமலைக் கிளை.