வீடியோ ஆர்வலர் சங்கம்: செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும் நிர்வாகக் குழுவினருக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

இந்த ஆண்டின் மாதக் கூட்டங்களில் பெரும்பகுதியைக் கேம்கார்டர் எனும் வீடியோ கேமராவின் வசதிகளை விளங்கிக்கொள்ளவே செலவிட்டோம். உறுப்பினர்களின் பதிவுகளைத் திரையிட்டபோது, குறைகளில் பலவும் எல்லாவற்றையும் கருவியே தீர்மானிக்கும் ஆட்டோ முறையில் விட்டதால் வந்தவை என்பது தெரிந்தது.

முதலிடம் ஒலிக்கு. ஆட்டோவில் இருக்கும்போது பேச்சாளர் நிறுத்திய இடைவெளியில் கருவி தானாக ஒலியைக் கூட்டுகிறது. மின்விசிறியின் இரைச்சல் மேலெழுகிறது. கைதட்டல் வந்ததும் சட்டென அமுக்குகிறது. அடுத்த வாக்கியத்தின் தொடக்கம் அதில் அமுங்கிப்போகிறது. நாமே அளவை வைக்கும் மேனுவல் முறைக்கு மாற்றி, ஒலி மீட்டரில் உச்சம் மைனஸ் 12 டெசிபெல்லை ஒட்டி நிற்கும்படி வையுங்கள். மீட்டரின் மேல் எல்லையான பூஜ்யத்தைத் தொட்டுச் சிதைந்த ஒலியை எந்த மென்பொருளும் முழுதாக மீட்டுத் தராது.

அடுத்தது ஷட்டர், அதாவது ஒவ்வொரு படத்துக்கும் ஒளியை உள்ளே விடும் நேரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள இடத்தில் குழல்விளக்கின் கீழ் 1/60 நொடி வைத்தால் படம் துடிக்கும். 1/50 அல்லது 1/100 வையுங்கள். 60 ஹெர்ட்ஸ் உள்ள இடத்தில் 1/60 அல்லது 1/120. வெளிச்சம் போதாதபோது படத்தின் சிக்னலை மின்னணு முறையில் பெருக்கும் கெயினை ஏற்றுவது எளிது, ஆனால் ஒவ்வொரு 6 டெசிபெல்லுக்கும் சிக்னல் இரட்டிப்பாகும்போது படத்தில் தெரியும் இரைச்சல் புள்ளிகளும் கூடவே பெருகும். ஒரு விளக்கைக் கூட்டுவதே மேல். முக்காலியில் பொருத்தியதும், கை நடுக்கத்தைச் சரிசெய்யும் ஸ்டெபிலைசரை அணைத்துவிடுங்கள். இல்லையேல் கேமராவைத் திருப்பி நிறுத்திய பிறகும் படம் சற்று நகர்ந்து, பின்னர் துள்ளி நிற்கும்.

மெமரி கார்டில் பதியும் கேம்கார்டர்களின் ஏவிசிஎச்டி வகைக் கோப்புகளில் பலர் ஒரே சிக்கலைச் சந்தித்தனர். நீண்ட பதிவைக் கேமரா 2 அல்லது 4 ஜிபி துண்டுகளாக வெட்டுகிறது. வீடியோ கோப்புகளை மட்டும் நகலெடுத்தால் துண்டுகள் சேரும் இடத்தில் சில நொடித்துளிகள் விடுபடக்கூடும். கார்டில் உள்ள ஃபோல்டர் முழுவதையும் அப்படியே நகலெடுத்து, கணினியில் திறந்து பார்த்த பிறகே கார்டை ஃபார்மேட் செய்யுங்கள். அதையும் கேமராவிலேயே செய்யுங்கள். நொடிக்கு 28 மெகாபிட் வேகத்தில் பதிந்தால் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 12.6 ஜிபி ஆகும்.

மினி டிவி (MiniDV) எனும் பழைய கேம்கார்டர் டேப்புகளைக் கணினிக்கு மாற்றும் பணி தொடர்கிறது. 1995-இல் வந்த இந்த வகையில் பதிவானதே டிஜிட்டல் தரவுதான்; அதை அப்படியே கடத்தும் ஃபயர்வயர் இணைப்பின் வழியாக எடுத்தால் தரம் குறையாது. அனலாக் சிக்னலாக மாற்றித் தரும் ஏவி கேபிள் வழியாக எடுத்தால் குறையும். டேப்பை ஒருமுறை கடைசிவரை ஓட்டித் திருப்பிச் சுற்றிய பிறகு இயக்கவும். படத்தில் சதுரக் கட்டங்கள் ஒவ்வொரு முறையும் ஒரே இடத்தில் வந்தால் டேப்பில் பழுது. இடம் மாறி மாறி வந்தால் டேப்பைப் படிக்கும் ஹெட்டில் அழுக்கு. கிளீனிங் டேப்பை 10 நொடிக்கு மேல் ஓட்டக்கூடாது, ஹெட் தேயும். டேப்பை மெதுவாக ஓட்டி அதிக நேரம் பதியும் எல்பி முறையில் பதிந்தவை பல நேரம் பதிந்த கருவியில்தான் சரியாக ஓடும். ஆகவே பழைய கேமராவை எறிந்துவிடாதீர்கள்.

புதிதாகக் கேம்கார்டர் வாங்குவோர் லென்ஸால் பெரிதாக்கும் ஆப்டிகல் ஜூம், மைக் சாக்கெட், ஹெட்போன் சாக்கெட் மூன்றையும் பாருங்கள். பெட்டியில் பெரிதாக அச்சிட்ட டிஜிட்டல் ஜூம் எண் படத்தின் நடுப்பகுதியைப் பெரிதாக்கிக் காட்டுவதற்கு மேல் எதுவும் செய்யாது.

வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். டேப் பணிக்கென ஃபயர்வயர் உள்ள கணினியொன்றைச் சங்கத்துக்கு வாங்கும் தீர்மானத்தை முன்வைத்து, இந்த அறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்