தாய்வழி ஊரையும் தேடுவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் இளைய தலைமுறையினர் சிலர் மூதாதையரின் பூர்வீக ஊரைத் தேடத் தொடங்கியிருப்பது மனநிறைவைத் தருகிறது. அந்தத் தேடலில் தாய்வழி விடுபட்டுவிடக் கூடாது என்று கேட்டுக்கொள்ளவே இதை எழுதுகிறேன்.

1948ஆம் ஆண்டின் இலங்கைப் பிரஜாவுரிமைச் சட்டம், அம்மண்ணிலேயே பிறந்தவரிடமும், தந்தை அங்கே பிறந்ததற்கோ தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கோ சான்று கேட்டது. அதனால் எங்கள் வீடுகளில் தந்தைவழிக் காகிதங்கள்தாம் டிரங்குப் பெட்டிக்குள் பத்திரமாயின. 1964ஆம் ஆண்டின் இந்திய–இலங்கை சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்தில், குடியுரிமையற்ற மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென முடிவாகி, பின்னர் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரம் வந்திறங்கிய என் பெற்றோர் கொண்டுவந்தவையும் அவையே. அப்பாவின் பாட்டனார் தோட்ட வேலைக்குக் கப்பலேறியபோது அடையாளமாகக் கழுத்தில் கட்டிப்போன தகரத் துண்டும் அந்தப் பெட்டியில் இருந்தது. தோட்டத்தைக் குறிக்கும் எழுத்தும் எண்ணும் அதில் உண்டு, ஆள் பெயர் இல்லை. தாயகம் திரும்பியபோது எங்களுக்கு வழங்கப்பட்ட குடும்ப அட்டையில் ஆங்கிலத்தில் சிதைத்து எழுதப்பட்டிருந்த ஊர்ப்பெயரைப் பல விதமாக உச்சரித்துப் பார்த்துத்தான், அது துறையூர் பக்கத்துச் சிற்றூர் என்று கண்டுகொண்டோம்.

அம்மாவின் வழிக்கு ஒரு காகிதமும் இல்லை. கலியாணத்தோடு பெண்ணுக்குக் குலதெய்வமும் மாறிவிடுவதால் அந்தத் தடயமும் அற்றுப்போயிருந்தது. ஆனால், அம்மாயி (அம்மாவின் தாய்) தன் தாய்க்கு வைத்த ஒப்பாரியில் பிறந்த ஊரையும், அங்கே ஏரிக்கரையில் இருந்த அய்யனாரையும் பெயர் சொல்லி அழுதது எண்பது வயதைத் தாண்டிய அம்மாவுக்கு வரி பிசகாமல் நினைவிருந்தது. அந்த இரண்டு பெயர்களை வைத்துக்கொண்டு முசிறி வட்டாரத்தில் விசாரித்து, ஒரு கோயிலின் பழைய தலைக்கட்டு வரி நோட்டில் அம்மாயியின் தகப்பனார் பெயரைப் பார்த்தோம். அவர் வாழ்ந்த வீட்டில் இன்றும் அவருடைய கொள்ளுப்பேரன் குடியிருக்கிறார். அம்மாவின் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

ஆகவே, வீட்டுப் பெரியவர்களிடம் அம்மா பிறந்த ஊர், அம்மாயி பிறந்த ஊர், அவர்கள் பிறந்த வீட்டுச் சாமி, அவர்கள் பாடிய ஒப்பாரி ஆகியவற்றை இப்போதே கேட்டுக் கைப்பேசியில் பதிவு செய்து வைக்குமாறு வாசகர்களை வேண்டுகிறேன். தாயகம் திரும்பியோருக்கு வழங்கப்பட்ட குடும்ப அட்டைகளின் பதிவேடுகள் எங்கெங்கு எஞ்சியிருந்தாலும் அவற்றைத் தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் சேர்த்து, பூர்வீக ஊர் வாரியாகத் தமிழில் அட்டவணைப்படுத்தித் தர அரசு முன்வர வேண்டும். அந்த அட்டவணையில் மனைவியின் பிறந்த ஊருக்கும் ஒரு பத்தி ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
தாயகம் திரும்பிய குடும்பத்து வாசகர்,
கூடலூர், நீலகிரி மாவட்டம்.