அரை டிகிரி மேடும் ஐம்பது தலைகளும்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

மலை ஏரி வண்டலில் புதைந்த பூச்சி மிச்சங்களிலிருந்து பழங்கால வெப்பநிலையைக் கணக்கிடுவது பற்றி உங்கள் அறிவியல் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தேன். எழுத்தில் குறை இல்லை. ஆனால் கூடவே அச்சிட்ட வரைபடத்தில் ஒற்றைக் கோடு மட்டும் ஏறி இறங்குகிறது. பிழை எல்லையைக் காணோம். அந்த மிச்சங்கள் கைரோனமிட் புழுக்களின் தலைக்கூடுகள்; அந்தத் தலைகளைப் பொறுக்கி, எந்த வகையுடையவை என்று பெயரிடுவதையே வேலையாகக் கொண்டவள் என்பதால் இதை எழுதுகிறேன்.

கைரோனமிட் என்பது கொசுவைப் போலிருக்கும், கடிக்காத பூச்சி. அதன் புழு நான்கு பருவங்களாக வளர்கிறது. தோலுரிக்கும்போதெல்லாம் தலைக்கூட்டையும் கழற்றிப் போடுகிறது. பூச்சிகளின் ஓட்டுப் பொருளான கைட்டினால் ஆன அந்தக் கூடு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் சேற்றில் கெடாமல் கிடக்கும். வண்டலைப் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் மிதமாகச் சூடாக்கி, சல்லடையில் அலசி, கூரிய இடுக்கியால் ஒவ்வொரு கூடாக எடுத்துக் கண்ணாடித் தகட்டில் மல்லாத்தி வைக்கிறோம். குப்புறப் படிந்தால் பல்வரிசை தெரியாது. பல்வரிசை தெரியாவிட்டால் பெரும்பாலும் பெயரும் இல்லை.

நடுப்பல் ஒன்றா, இரண்டா, மூன்றாகப் பிளந்ததா? பக்கத்தில் எத்தனை பற்கள்? இருபுறமும் வரியோடிய தட்டு உண்டா? கைரோனமஸ் பேரினம் என்றால் நடுப்பல் மூன்றாகப் பிரிந்திருக்கும், அது எளிது. டானிபோடினே கூட்டத்தில் வாய்க்குள் நிற்கும் லிகுலா என்ற சிறு பல்தட்டைத் தேட வேண்டும், அதுவும் பரவாயில்லை. உயிரை வாங்குவது டானிடார்சினி கூட்டம்தான். எல்லாம் ஒரே அச்சில் வார்த்தவை. மைக்ரோப்செக்ட்ராவையும் டானிடார்சஸையும் பிரிக்க உதவும் முன்தாடை பல தலைகளில் உதிர்ந்துபோயிருக்கும். பற்களோ தேய்ந்து மொட்டையாகியிருக்கும். உணர்கொம்பு நின்ற மேட்டில் முள் இருக்கிறதா என்று நுண்ணோக்கியின் குவியத்தை ஏற்றி இறக்கிப் பார்த்துக்கொண்டிருப்போம். இரண்டு பேர் பார்த்தால் இரண்டு கருத்து வருவதும் உண்டு. இனம் வரை போவது அரிது; 'வகை' என்ற அளவில் நிறுத்திக்கொள்வதே நேர்மை.

உங்கள் வரைபடத்தின் டிகிரிகள் இந்த முள்ளில்தான் தொங்குகின்றன. மைக்ரோப்செக்ட்ரா ரேடியாலிஸ் வகை குளிர்ந்த உயர்மலை ஏரிகளுக்கு உரியது. அதே கூட்டத்தில் வெதுவெதுப்பான நீரை விரும்பும் வகைகளும் உண்டு. பெயர் மாறினால் கணக்கில் வரும் ஜூலை மாதச் சராசரி வெப்பநிலையும் மாறும். போதாததற்கு, ஏரியின் ஆழமும் ஆக்சிஜன் அளவும்கூடப் புழுக்களின் கலவையை மாற்றிவிடும்.

ஒரு மாதிரிக்குக் குறைந்தது 50 தலைகளாவது வேண்டும் என்பது வழக்கம். சில அடுக்குகளில் அவ்வளவு தேறாது. அடுத்த அடுக்கையும் சேர்த்து எண்ணுவோம். அத்தனையும் சரியாக அமைந்தாலும் இந்த முறையின் வழக்கமான பிழை ஏறத்தாழ 1 முதல் 1.5 டிகிரி செல்சியஸ். சுமார் 12,900 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய 'யங்கர் டிரையஸ்' குளிர்ச்சி வடமேற்கு ஐரோப்பிய ஏரிகளில் சில டிகிரி வீழ்ச்சியாகத் தெரிகிறது. அதை யாரும் மறுக்கப்போவதில்லை. ஆனால் அண்மை நூற்றாண்டுகளில் ஓர் அரை டிகிரி மேட்டைச் சுட்டி, அதற்கு 'வெப்பக் காலம்' என்று கட்டுரை பெயர் சூட்டியிருப்பது அதிகப்படி. மற்ற ஏரிகளிலும் அதே மேடு தெரிந்தால் பேசலாம்.

அடுத்த முறை இத்தகைய படத்தை வெளியிடும்போது பிழைப் பட்டையையும், ஒவ்வொரு புள்ளிக்கும் எத்தனை தலைகள் எண்ணப்பட்டன என்பதையும் சேர்த்து அச்சிடுங்கள். இடம் போதாவிட்டால் பூச்சியின் வண்ணப் படத்தைச் சிறிதாக்கலாம். எப்படியும் நீங்கள் போட்டிருந்தது கடிக்கிற கொசுவின் படம்.

இப்படிக்கு,
ஓர் ஆய்வகப் பணியாளர்