மூன்றாவது ஓட்டையில் கம்பி இருக்கிறதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீ விபத்தோ, மின்சாரம் தாக்கி மரணமோ, எந்தச் செய்தியானாலும் கடைசி வரியில் ‘மின்கசிவே காரணம் என்று தெரியவந்துள்ளது’ என்று முடிப்பது நம் நாளிதழ்களில் வழக்கமாகிவிட்டது. முப்பது ஆண்டுகளாகத் தொலைக்காட்சி, கணினி முதலிய மின்னணுக் கருவிகளைப் பழுதுநீக்கிப் பிழைத்துவருகிறவன் நான். இந்த ஒற்றைச் சொல் இருவேறு கோளாறுகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறது என்பதையும், அதனால் வாசகர்கள் பாதுகாப்பை இல்லாத இடத்தில் தேடுகிறார்கள் என்பதையும் எடுத்துச்சொல்ல விரும்பியே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

மின்சாரம் வரும் பேஸ் கம்பியும் அது திரும்பிப்போகும் நியூட்ரல் கம்பியும் நேருக்கு நேர் உரசிக்கொண்டால் பெருமளவு மின்சாரம் ஒரே நொடியில் பாயும். பொறி பறக்கும், கம்பி உருகும், பியூஸ் போகும். அது ஷார்ட் சர்க்யூட், தமிழில் குறுக்குச்சுற்று. கசிவு வேறு. நைந்துபோன காப்புறை வழியாகவோ, ஈரத்தின் வழியாகவோ, கருவிக்குள் வேண்டுமென்றே வைக்கப்பட்ட ஓர் உறுப்பின் வழியாகவோ சில மில்லி ஆம்பியர் மின்சாரம் கருவியின் உலோகக் கூட்டுக்கு வந்து சேர்ந்து, தரைக்கு இறங்க வழி தேடிக்கொண்டு நிற்பதுதான் கசிவு. அதுவும் முற்றினால் தீயில் போய் முடியலாம். ஆனால் அதன் முதல் இரை மனிதன். அரை மில்லி ஆம்பியர் அளவில் சுருக்கென்று உணர்கிறோம். பத்து மில்லி ஆம்பியரை நெருங்கும்போது பிடித்த கையை விட முடியாமல் போகிறது. முப்பது மில்லி ஆம்பியருக்கு மேல் நெஞ்சின் வழியே சற்று நேரம் பாய்ந்தால் உயிருக்கே ஆபத்து. அளவுக்கு மீறி மின்சாரம் பாய்ந்தால் கீழே விழுந்து துண்டிக்கும் சுவிட்சான, வீட்டில் இருக்கும் 16 ஆம்பியர் எம்.சி.பி.க்கு இந்த 0.03 ஆம்பியர் ஒரு பொருட்டே அன்று. அது கீழே விழாமல் அப்படியே நிற்கும்.

சென்ற ஆண்டு ஓர் அம்மா தம் மகனின் மேசைக் கணினியை மூன்று மாதங்களில் மூன்று முறை என் கடைக்கு எடுத்து வந்தார். “அண்ணே, பெட்டியத் தொட்டா சுரீர்னு இழுக்குது, பையன் செருப்பு போட்டுக்கிட்டுத்தான் உக்காருறான்” என்றார். என் மேசையில் வைத்துப் பார்த்தால் ஒரு குறையும் தெரியவில்லை. முதல்முறை பவர் சப்ளையைக் கழற்றித் துடைத்துக் கொடுத்தேன். இரண்டாம் முறை அதையே மாற்றிக் கொடுத்தேன். அது என் தவறு, வீட்டைப் பார்க்காமல் பொருளை மாற்றியிருக்கக் கூடாது. மூன்றாம் முறை அவர் வீட்டுக்கே போனேன். டெஸ்டரைப் பெட்டியின் பின்புறத் திருகில் வைத்ததும் அதற்குள் இருக்கும் நியான் விளக்கு எரிந்தது. அந்தத் திருகுக்கும் குளியலறையின் இரும்புக் குழாய்க்கும் இடையே மல்டிமீட்டர் 108 வோல்ட் காட்டியது. மெயினை அணைத்துவிட்டுச் சுவிட்சுப் பெட்டியைக் கழற்றினேன். பேஸ், நியூட்ரல் திருகுகள் இரண்டும் கறுத்துக் கிடந்தன. மேலேயிருக்கும் பெரிய ஓட்டைக்கு, அதாவது கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு இறக்கும் எர்த் கம்பிக்கு உரிய மூன்றாவது ஓட்டைக்குப் பின்னால் இருந்த பித்தளைத் திருகு மட்டும் வாங்கிய நாளில் இருந்தபடியே மஞ்சளாக மின்னியது. அதில் என்றைக்குமே ஒரு கம்பி முறுக்கப்படவில்லை. என் கடையில் முறையான எர்த் இருந்ததால் அங்கே வந்ததும் கோளாறு மறைந்தது. அவர் வீட்டில் இல்லாததால் திரும்பவும் தலைகாட்டியது.

கணினியின் பவர் சப்ளைக்குள் பேஸிலிருந்து கூட்டுக்கு ஒன்றும் நியூட்ரலிலிருந்து கூட்டுக்கு ஒன்றுமாக இரண்டு சிறிய மின்தேக்கிகள் (கெப்பாசிட்டர்கள்) இருக்கும். சுற்றில் உண்டாகும் இரைச்சல் வெளியே போய் வானொலியையும் பக்கத்துக் கருவிகளையும் கெடுக்காமலிருக்க அவை தேவை. ‘ஒய்’ வகை மின்தேக்கிகள் என்று பெயர். எர்த் கம்பி இருந்தால் அவற்றின் வழியே வரும் சிறு மின்சாரம் சத்தமில்லாமல் மண்ணுக்குப் போய்விடும். எர்த் இல்லையென்றால் கூடு பேஸ், நியூட்ரல் இரண்டுக்கும் நடுவில் தொங்கி, 230 வோல்ட்டின் சரிபாதியை ஒட்டி நிற்கும். நான் பார்த்த 108 வோல்ட் அதுதான். ஒரு மின்தேக்கியின் கொள்ளளவு 2.2 நானோபாரட் என்றால் அதன் வழியே வரக்கூடியது ஏறத்தாழ 0.16 மில்லி ஆம்பியர்; பெரிய மின்தேக்கியானால் இன்னும் கூடும். இது கொல்லாது, விரல் நுனியால் தொடும்போது கூசச் செய்யும். மடிக்கணினியின் அலுமினிய மூடியை விரலால் வருடும்போது சொரசொரவென்று ஓர் அதிர்வு தெரிவதும் இந்த வகையே. கூச்சத்தைப் போக்குகிறேன் என்று சிலர் இந்த மின்தேக்கியை வெட்டி எறிகிறார்கள். அதைவிட மோசம், கெட்டுப்போன ஒன்றுக்குப் பதிலாகச் சாதாரண நீலநிறச் செராமிக் வில்லையை வைத்துப் பற்றவைப்பது. ஒய்1, ஒய்2 என்று பொறித்தவை கெடும்போதும் ஷார்ட் ஆகாதபடி செய்யப்பட்டவை. சாதாரண வில்லைக்கு அந்த உறுதி கிடையாது. அது ஷார்ட் ஆனால் கூசிக்கொண்டிருந்த பெட்டி கொல்லும் பெட்டியாகிவிடும்.

இந்த இயல்பான கசிவையும் உண்மையான காப்புக் கோளாறையும் டெஸ்டரால் பிரித்தறிய முடியாது. அதன் நியானுக்கு மிகமிகச் சிறிய மின்சாரமே போதும். இரண்டுக்கும் ஒரே மாதிரி எரியும். டிஜிட்டல் மல்டிமீட்டரும் தனியாக ஏமாற்றும். நாங்கள் செய்வது இதுதான்: கூட்டுக்கும் நல்ல எர்த்துக்கும் இடையே 15 வாட் இழை பல்பு ஒன்றை இணைப்போம். எல்.இ.டி. பல்பு கூடாது, அது சிறு கசிவிலேயே மினுக்கும். இழை பல்பு எரியாமல் கூட்டின் வோல்ட் சட்டென்று பூஜ்யத்தை ஒட்டி இறங்கினால் அது மின்தேக்கியின் கசிவு. பல்பு எரிந்தாலோ, எரியாவிட்டாலும் சில வோல்ட் மிஞ்சி நின்றாலோ காப்பு உடைந்திருக்கிறது; கருவியை உடனே பிளக்கிலிருந்து பிடுங்கிவிட்டு காப்பின் உறுதியை அளக்கும் 500 வோல்ட் மெக்கரில் வைத்துப் பார்க்க வேண்டும். வாசகர்கள் இதைத் தாங்களே செய்து பார்க்க வேண்டாம். எலக்ட்ரீஷியனிடம் செய்யச் சொல்லிக் கேட்கலாம்.

எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் தனி ஆபத்து. அதில் நான்கு பிளக் செருகினால் நான்கின் எர்த் முனைகளும் உள்ளே ஒன்றாக இணைந்திருக்கும். அந்தப் பெட்டியின் பிளக் இரண்டு முள்ளாகவோ, சுவரின் எர்த் வெறுமையாகவோ இருந்தால், நான்கு கருவிகளின் கசிவும் ஒன்றுசேர்ந்து நான்கின் கூட்டிலும் நிற்கும். ஒன்றில் காப்பு உடைந்தால் பழுதே இல்லாத மற்ற மூன்றைத் தொட்டாலும் அடிக்கும். பிரிண்டரைக் குறைசொல்லிக்கொண்டு வருவார்கள். குற்றவாளி அதே பெட்டியில் செருகிய பழைய ஸ்பீக்கராக இருக்கும்.

இதையெல்லாம் சொன்னதும் ‘எர்த் இழுத்துக் கொடுங்கள்’ என்று அவசரப்படுகிறவர்களுக்குச் சிலர் செய்துகொடுக்கும் ஒரு வேலை இருக்கிறது. அதை எண்ணினாலே எனக்கு நெஞ்சு பதறுகிறது. நியூட்ரல் திருகிலிருந்து எர்த் திருகுக்கு ஒரு விரல்நீளக் கம்பியை வளைத்துக் கட்டிவிடுவார்கள். கூச்சம் அந்தக் கணமே போய்விடும். வீட்டுக்காரரும் மகிழ்ந்து கூலி கொடுத்துவிடுவார். எங்கள் தெருவில் ஒரு வீட்டுக் கிரைண்டரில் இதைக் கண்டேன். மீட்டர் போர்டில் நியூட்ரல் முனை தளர்ந்து விட்டிருந்தது. விளக்கு எரியவில்லை, ஆகவே மின்சாரம் இல்லை என்று நினைத்து, கிரைண்டர் சுவிட்சை அணைக்காமலேயே அந்த வீட்டு மருமகள் ஈரக் கையோடு உளுந்து மாவை அள்ளப் போயிருக்கிறார். நியூட்ரல் அறுந்தால் பேஸ் மின்சாரம் மோட்டார் வழியாகவும் எரியாத விளக்குகள் வழியாகவும் வந்து அதே நியூட்ரலில் நிற்கும்; வளைத்துக் கட்டிய கம்பி அதைக் கிரைண்டரின் உடம்புக்குக் கொண்டுவந்து சேர்த்திருந்தது. முழு 230 வோல்ட். தூக்கி எறியப்பட்டதால் பிழைத்தார், இரண்டு நாள் கை மரத்துக் கிடந்தது. கிரைண்டரில் ஒரு பழுதும் இல்லை.

இந்தப் போலி எர்த்தைக் கண்டுபிடிப்பது சற்றுக் கடினம். மூன்றாவது ஓட்டைக்கும் பேஸுக்கும் நடுவே மீட்டர் 230 காட்டும், சோதனை விளக்கு பளிச்சென்று எரியும், எல்லாம் சரியென்றே தோன்றும். அதே போர்டில் 1000 வாட் அயர்ன் பாக்ஸை ஓடவிட்டு நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே அளந்தால் உண்மை வெளிப்படும். நல்ல எர்த்தாக இருந்தால் நியூட்ரல் கம்பியில் ஏற்படும் இழப்பால் ஒரு வோல்ட்டாவது ஏறித் தெரிய வேண்டும். அயர்ன் பாக்ஸ் ஓடும்போதும் பூஜ்யத்திலேயே நின்றால், மெயினை அணைத்துப் போர்டைக் கழற்றிப் பார்க்காமல் விடக்கூடாது.

உண்மையான எர்த் போட்டுவிட்டால் மட்டும் போதுமா என்றால், நம் ஊர் மண்ணில் பல இடங்களில் போதாது. கரியும் உப்பும் அடுக்கிக் குழாய் இறக்கிய குழி, கோடையில் தண்ணீர் ஊற்றாமல் காய்ந்துவிட்டால் அதன் மின்தடை 20 ஓம் வரை ஏறுவது அரிதன்று. அப்போது பேஸ் கம்பியே கூட்டில் பட்டாலும் பாய்வது 230 வகுத்தல் 20, அதாவது 11.5 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. விழாது. எர்த் இருந்தும் கருவி உயிரோடு நிற்கும். எனவேதான் கசிவு கண்டதும் துண்டிக்கும் சுவிட்சான 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. கட்டாயம் வேண்டும் என்கிறோம். பேஸில் போன மின்சாரம் அத்தனையும் நியூட்ரலில் திரும்பி வருகிறதா என்பதை மட்டும் அது பார்த்துக்கொண்டிருக்கும். இடையில் 30 மில்லி ஆம்பியர் காணாமல் போனால் நொடியில் ஒரு பங்குக்குள் துண்டித்துவிடும். எர்த் சரியாக இருந்தால் யாரும் தொடுவதற்கு முன்பே விழும், இல்லையென்றால் ஒருவர் தொட்ட பிறகு விழும்.

‘அடிக்கடி விழுகிறது’ என்று சொல்லி ஆர்.சி.சி.பி.யைக் கழற்றி, நேர்க்கம்பி போட்டுக்கொண்ட வீடுகளை நான் நிறையப் பார்க்கிறேன். அது விழுவதற்குக் காரணம் இருக்கும். நம் வீடுகளில் பெரும்பாலும் இன்வெர்ட்டர்தான் காரணம்: இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலை, வயரிங் செய்தவர் கைக்கு எட்டிய ஏதோ ஒரு நியூட்ரலோடு முறுக்கிவிட்டிருப்பார், ஒரு வழியில் போன மின்சாரம் இன்னொரு வழியில் திரும்பும்போது ஆர்.சி.சி.பி. அதைக் கசிவென்றே எடுத்துக்கொள்ளும். எங்கேனும் நியூட்ரல் கம்பி எர்த்தைத் தொட்டுக்கொண்டிருந்தாலும் விழும். இங்கேதான் அனுபவமுள்ளவர்களும் திணறுகிறார்கள். எம்.சி.பி.களை ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்தும் கோளாறு பிடிபடாது, ஏனென்றால் ஒற்றை முனை எம்.சி.பி. பேஸை மட்டுமே வெட்டுகிறது, நியூட்ரல் அப்படியே இணைந்திருக்கிறது. பிளக்குகளை எல்லாம் பிடுங்கிவிட்டு, மெயினை அணைத்து நியூட்ரல் கம்பிகளை ஒவ்வொன்றாகக் கழற்றித்தான் தேட வேண்டும். பதினைந்து, இருபது கணினிகள் ஓடும் பயிற்சி நிலையங்களில் மட்டும், கருவி ஒவ்வொன்றின் இயல்பான கசிவும் சேர்ந்தே எல்லையை நெருங்கிவிடக்கூடும். அங்கே லைனைப் பிரித்து இரண்டு மூன்று ஆர்.சி.சி.பி. போடுவதுதான் தீர்வு.

ஆசிரியர் அவர்களே, உங்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. ஷார்ட் சர்க்யூட்டால் நேர்ந்த தீயைக் குறுக்குச்சுற்று என்றே எழுதுங்கள். மின்கசிவு என்ற சொல்லைக் கசிவுக்கே விட்டுவையுங்கள். குளிர்சாதனப் பெட்டியைத் தொட்டவர், சலவை இயந்திரத்தைத் தொட்டவர் என்று மரணச் செய்தி வரும்போது, அந்த வீட்டின் மூன்றாவது ஓட்டையில் கம்பி இருந்ததா, அது குழிக்குப் போனதா அல்லது நியூட்ரலில் கட்டியிருந்ததா, ஆர்.சி.சி.பி. இருந்ததா என்று உங்கள் செய்தியாளர்கள் கேட்டு அந்த விடையையும் அச்சிடச் செய்யுங்கள். செருப்புப் போட்டுக்கொண்டு கணினி முன் உட்கார்ந்த அந்தப் பையனின் வீட்டில் குழி தோண்டி, பச்சைக் கம்பி இழுத்து, ஆர்.சி.சி.பி. பொருத்த ஒன்றரை நாள் ஆனது. நான் மாற்றிக் கொடுத்த பவர் சப்ளையின் பணத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இப்படிக்கு,
மின்னணுக் கருவிப் பழுதுநீக்குநர் ஒருவர்,
திண்டுக்கல்.