பத்து ஆண்டு ரொக்கமும் இன்றைய ரூபாயும்

அன்பு மகளுக்கு,

நீ அனுப்பியிருந்த நூற்பாலைப் பங்கின் விவரங்களைப் பார்த்தேன். பி.இ. விகிதம், அதாவது ஒரு பங்கின் விலை அதன் ஆண்டு லாபத்துக்கு எத்தனை மடங்கு என்பது, 12தான், ஐந்து ஆண்டுகளாக லாபம் குறையவில்லை, வாங்கிப் போடலாமா என்று கேட்டிருக்கிறாய். வாங்கு என்றோ வேண்டாம் என்றோ ஒற்றைச் சொல்லில் பதில் எழுதினால் அடுத்த பங்குக்கும் என்னிடமே வருவாய். ஆகவே ஒரு நிறுவனத்தின் விலை சரிதானா என்று அறிய நான் எந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பேனோ, அதையே எழுதுகிறேன். அந்த நிறுவனம் கடந்த பத்து ஆண்டுகளில் எல்லாச் செலவும் போகக் கையில் மிச்சம் வைத்த ரொக்கம் ஆண்டுவாரியாக எவ்வளவு என்று எடுத்துக்கொள்வேன். ஒவ்வோர் ஆண்டின் தொகையையும் இன்றைய ரூபாய்க்கு மாற்றுவேன். பிறகு அவற்றின் சராசரிக்குச் சந்தை எத்தனை மடங்கு விலை கேட்கிறது என்று பார்ப்பேன். கணக்கு இவ்வளவுதான், ஆனால் ஒவ்வொரு படியிலும் வழுக்கும் இடம் உண்டு.

லாபத்தை விட்டுவிட்டு ரொக்கத்தை ஏன் தேடிப் போகிறேன் என்பது ஆலைக் கணக்குப் பிரிவில் உட்கார்ந்தவர்களுக்குச் சொல்லாமலே புரியும். புதுப் பஞ்சு அக்டோபரில் வரத் தொடங்கும். நல்ல ரகம் கிடைக்கும் மாதங்களிலேயே ஆலைகள் வாங்கிக் கிடங்கில் சேர்த்துக்கொள்ளும். 356 கிலோ கொண்ட ஒரு கேண்டி பஞ்சு 2021 தொடக்கத்தில் 50,000 ரூபாய்க்குக் கீழே இருந்தது. 2022 மே மாதத்தில் 1 லட்சத்தைத் தாண்டியது. எப்போதும் 3,000 கேண்டி இருப்பு வைத்திருக்கும் ஓர் ஆலையை எடுத்துக்கொள். பழைய விலையில் கிடங்கில் முடங்கியிருந்த பணம் 15 கோடி. புதிய விலையில் அதே கிடங்கு, அதே பஞ்சு, ஆனால் 30 கோடி. பஞ்சு ஏறினால் நூல் விலையும் ஏறும். பழைய விலைப் பஞ்சில் நூற்ற நூலைப் புதிய விலைக்கு விற்பதால் லாப நட்டக் கணக்கு பளபளக்கும். அந்த லாபமெல்லாம் எங்கே என்று கேட்டால் கிடங்கைத்தான் காட்ட வேண்டும். போதாததற்கு சரக்கை ஈடாகக் காட்டி வங்கியில் எடுக்கும் கேஷ் கிரெடிட் கடனின் வரம்பையும் உயர்த்திக் கேட்டிருப்பார்கள். இயக்குநர்கள் ஈவுத்தொகை பற்றிப் பேசும் அதே வாரத்தில் கணக்குப் பிரிவு வங்கி மேலாளரைப் பார்க்கப் போய்க்கொண்டிருக்கும்.

இயந்திரத்தின் விலையை அதன் ஆயுளுக்குப் பிரித்து ஆண்டுதோறும் செலவாக எழுதும் தேய்மானத்திலும் இதே கதைதான், கொஞ்சம் மெதுவாக நடக்கும். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் வாங்கிய ரிங் ஃபிரேம் என்ற நூற்பு இயந்திரத்துக்கு அன்றைய விலையில்தான் ஆண்டுதோறும் தேய்மானம் எழுதுவார்கள். அது ஓய்ந்து புதியது வாங்கும்போது இன்றைய விலையைக் கொடுக்க வேண்டும். ஆக, விலைவாசி ஏறும் நாட்டில் தேய்மானம் எப்போதுமே உண்மைச் செலவைவிடக் குறைவாக இருக்கும், லாபம் அந்த அளவுக்குக் கூடுதலாகத் தெரியும், அந்தக் கூடுதலுக்கும் வரி கட்டியாக வேண்டும்.

ஃப்ரீ கேஷ் ஃப்ளோ என்று நீ படித்திருப்பாய். தொழில் நடத்தியதில் வந்த ரொக்கத்தில் இயந்திரம், கட்டடம் முதலிய மூலதனச் செலவைக் கழித்தால் மிஞ்சுவது அது. இரண்டு எண்களும் ஆண்டறிக்கையின் கேஷ் ஃப்ளோ பக்கத்திலேயே கிடைக்கும். ஆனால் நம் நாட்டில் இண்ட் ஏ.எஸ். கணக்கு முறைக்கு மாறிய நிறுவனங்களில் இரண்டு இடங்களில் கவனம் வேண்டும். ஒன்று வட்டி: வங்கி, நிதி நிறுவனம் அல்லாதவை கட்டும் வட்டி நிதி நடவடிக்கைகள் என்ற பகுதியில் போய் உட்காரும், தொழில் வழி ரொக்கத்தில் அது கழிந்திருக்காது. ஆகையால் வட்டியை நீயே கழித்துக்கொண்டு பங்குகளின் சந்தை மதிப்போடு ஒப்பிடு. அல்லது கழிக்காமல், சந்தை மதிப்போடு கடனையும் கூட்டிக் கைவசமுள்ள ரொக்கத்தைக் கழித்து வரும் தொகையோடு ஒப்பிடு. வட்டியைக் கழிக்காத ரொக்கத்தை வெறும் சந்தை மதிப்பால் வகுத்தால், கழுத்தளவு கடனில் இருக்கும் நிறுவனங்கள்தான் மிக மலிவாகத் தெரியும். மற்றொன்று வாடகை: 2019 ஏப்ரல் முதல் நீண்டகாலக் குத்தகைத் தொகையும் அந்த நிதிப் பகுதிக்கே போய்விட்டது. பத்து ஆண்டு வரிசையில் முதல் சில ஆண்டுகளில் வாடகை கழிந்திருக்கும், பிந்தைய ஆண்டுகளில் கழிந்திருக்காது. கடைகளை வாடகைக்கு எடுத்து நடத்தும் நிறுவனங்களில் இது பெரிய தொகை. குத்தகைக்காகக் கட்டியதைப் பிந்தைய ஆண்டுகளிலும் கழித்தால்தான் வரிசை ஒரே அளவுகோலில் நிற்கும்.

பத்து ஆண்டு எதற்கு என்றால், ரொக்கம் லாபத்தைவிட அதிகமாகத் துள்ளும். ஓர் ஆண்டு புதுப் பிரிவு கட்டினால் பெருங்குழி விழும். மறு ஆண்டு பஞ்சு விலை இறங்கிக் கிடங்கில் முடங்கிய பணம் வெளியே வந்தால் மேடு எழும்பும். ஓர் ஆண்டை மட்டும் எடுத்து விலை போடுவது எவ்வகையிலும் நியாயமாகாது. அமெரிக்க முதலீட்டு ஆசான் பெஞ்சமின் கிரஹாம் 1930களிலேயே பல ஆண்டு லாபத்தின் சராசரியைப் பார்க்கச் சொன்னார். பொருளியலாளர்கள் ஜான் கேம்ப்பெல்லும் ராபர்ட் ஷில்லரும் 1988இல் அமெரிக்கச் சந்தை முழுவதற்கும் நீண்டகால லாபச் சராசரியைப் பணவீக்கம் நீக்கிக் கணக்கிட்டார்கள்; பத்து ஆண்டுச் சராசரி கொண்ட அந்த விகிதம் இன்று ஷில்லர் பெயராலேயே வழங்குகிறது. சந்தை முழுவதற்கும் லாபம் போதும், ஒரு நிறுவனத்தின் மேடு பள்ளம் இன்னொன்றில் சமனாகிவிடும். தனி நிறுவனத்துக்கு வரும்போது லாபத்தின் இடத்தில் மிஞ்சிய ரொக்கத்தை வைப்பதே சரி என்பது என் கருத்து.

இனி பணவீக்கம். நுகர்வோர் விலைக் குறியீட்டின்படி 2015-16இல் 100 ரூபாய்க்கு வாங்கியதை 2024-25இல் வாங்கச் சுமார் 154 ரூபாய் வேண்டும். எனவே 2015-16இன் தொகையை 1.54ஆல் பெருக்கு, அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு அந்தந்த ஆண்டின் குறியீட்டைக் கொண்டு பெருக்கு. பழைய வீடு, மனை விற்றால் வருமான வரிக்குப் பயன்படுத்துவோமே, அந்த செலவுப் பணவீக்கக் குறியீட்டை எடுத்துவிடாதே. அது அதே காலத்தில் 254இலிருந்து 363க்கு, அதாவது 1.43 மடங்குதான் ஏறியிருக்கிறது. நகர்ப்புற விலை உயர்வில் முக்கால் பங்கைக் கணக்கில் கொண்டு அரசு அறிவிக்கும் எண் அது. வரித் துறைக்கு அது போதும், உனக்குப் போதாது.

பழைய எண்களைப் பெருக்கினால் எல்லாம் பெரிதாகித்தானே தெரியும், இதில் என்ன பயன் என்று உனக்குத் தோன்றலாம். ஒரு கற்பனைக் கணக்கைப் போட்டுப் பார். இரண்டு ஆலைகள், இரண்டிலும் ஒன்பது ஆண்டுகள் தலா 60 கோடி மிஞ்சியது, புது இயந்திரம் போட்ட ஓர் ஆண்டில் 300 கோடி பற்றாக்குறை. பணவீக்கம் பார்க்காமல் சராசரி எடுத்தால் இரண்டுக்கும் 24 கோடிதான். முதல் ஆலை அந்தச் செலவை 2015-16இல் செய்தது, இரண்டாவது 2024-25இல் செய்தது என்று வைத்துக்கொள். இன்றைய ரூபாய்க்கு மாற்றினால் முதல் ஆலையின் 300 கோடி சுமார் 460 கோடியாகிறது. சராசரி 21 கோடிக்கு இறங்குகிறது. இரண்டாவதன் சராசரியோ சுமார் 40 கோடிக்கு ஏறுகிறது. ஒரே பத்து எண்கள், ஏறக்குறைய இரண்டு மடங்கு வேறுபாடு. காகிதத்தில் எழுதிப் பார்த்தாலன்றி இது நம்பும்படி இருக்காது, எழுதிப் பார்.

இதில் இன்னொன்றும் வெளியே வரும். முதல் ஆலை 2016-17இல் மிச்சம் வைத்த 60 கோடி இன்றைய மதிப்பில் சுமார் 89 கோடி. 2024-25இல் மிச்சம் வைத்தது வெறும் 60 கோடி. "லாபம் குறையவில்லை" என்று எழுதியிருந்தாயே, குறையாமல் நிற்கும் எண் இப்படித்தான் மூன்றில் ஒரு பங்கு கரைந்துபோகிறது. சராசரியோடு நிறுத்தாமல் மாற்றிய பத்து எண்களையும் வரிசையாக எழுதி, போக்கு மேலேயா கீழேயா என்று பார்க்கச் சொல்வது இதற்காகவே. இரண்டாவது ஆலையின் 40 கோடியைக்கூட அந்தக் கண்ணோடுதான் பார்க்க வேண்டும். அதன் பழைய ஆண்டுகள்தான் சராசரியைத் தூக்கி நிறுத்துகின்றன.

விலைக்கு வருவோம். முதல் ஆலைக்குக் கடன் இல்லை, சந்தை மதிப்பு 700 கோடி என்றால், 21 கோடி என்பது அதில் 3 சதவீதம். இது பணவீக்கம் நீக்கிய 3 சதவீதம். விலைவாசி ஏறும் வேகத்தில் ஆலையும் தன் நூல் விலையை ஏற்ற முடிந்தால்தான் அதுவும் நிலைக்கும். பத்து ஆண்டு அரசுக் கடன் பத்திரம் ஆறரை முதல் ஏழு சதவீதம் வரை தரும் நிலையில், ரிசர்வ் வங்கியின் இலக்கான 4 சதவீதப் பணவீக்கத்தைக் கழித்தால் அங்கேயும் இரண்டரை முதல் மூன்று கிடைக்கிறது. மின்வெட்டு, கூலி, பஞ்சு, ஏற்றுமதி ஆர்டர் எதைப் பற்றியும் அந்தப் பத்திரம் கவலைப்படுவதில்லை. ஆலையின் எல்லா இடரையும் தலையில் ஏற்றிக்கொண்டு அதே வருமானத்துக்கு நான் பணம் போட மாட்டேன்.

பலரும் தடுமாறுவது இங்கேதான். ரொக்கத்தில் பணவீக்கத்தை நீக்கிவிட்டால், ஒப்பிடும் வட்டியிலும் நீக்க வேண்டும். இரண்டில் ஒன்றில் மட்டும் நீக்கினால் விடை எந்தப் பக்கமாவது சாயும். 1970களின் அமெரிக்கப் பணவீக்கத்தின்போது முதலீட்டாளர்கள் இதே குழப்பத்தில் பங்குகளை மிகவும் மலிவாக மதிப்பிட்டார்கள் என்று 1979இல் பொருளியலாளர்கள் மொடிக்ளியானியும் கோனும் வாதிட்டார்கள். கடன் வாங்கிய நிறுவனத்துக்குப் பணவீக்கம் அசலைக் கரைத்து உதவுகிறது என்பதையும் சந்தை கவனிக்கவில்லை என்றார்கள். ஆகவே கடனுள்ள நிறுவனத்தை மதிப்பிடும்போது வட்டி முழுவதையும் சுமையாகக் கருதுவது கொஞ்சம் கடுமையான கணக்குதான்; நான் அந்தக் கடுமையை வைத்துக்கொள்கிறேன்.

நல்ல நிறுவனத்தை இந்தக் கணக்கு எப்படிக் காட்டும் என்பதற்கு அமெரிக்க முதலீட்டாளர் வாரன் பஃபெட் தன் பெர்க்‌ஷயர் நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டுக்கான பங்குதாரர் கடிதத்தில் தந்த எண்கள் போதும். கலிஃபோர்னியாவின் சீஸ் கேண்டீஸ் என்ற சாக்லேட் நிறுவனத்தை 1972இல் அவர் பக்கம் 2.5 கோடி டாலருக்கு வாங்கினார்கள். அப்போது விற்பனை 3 கோடி டாலர், வரிக்கு முந்தைய லாபம் 50 லட்சத்துக்கும் குறைவு, தொழில் நடத்தத் தேவைப்பட்ட மூலதனம் 80 லட்சம். 2007இல் விற்பனை 38.3 கோடி, லாபம் 8.2 கோடி, மூலதனம் 4 கோடி. அதே 35 ஆண்டுகளில் அமெரிக்க நுகர்வோர் விலைக் குறியீடு ஏறக்குறைய ஐந்து மடங்கானது. மூலதனமும் சரியாக ஐந்து மடங்கு! அதாவது பணவீக்கத்தை நீக்கிப் பார்த்தால் ஒரு டாலர்கூடக் கூடுதலாகப் போடாமல், விற்ற மிட்டாயை எடையில் 1.6 கோடி பவுண்டிலிருந்து 3.1 கோடி பவுண்டாக உயர்த்தியிருக்கிறார்கள். லாபமோ பதினாறு மடங்குக்கு மேல், பணவீக்கத்தை நீக்கினாலும் மூன்று மடங்குக்கு மேல். கடைக்கு வருபவர் ரொக்கம் கொடுத்து வாங்குகிறார், சரக்கு கிடங்கில் மாதக்கணக்கில் கிடப்பதில்லை, விலையை ஏற்றினாலும் வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். இதே மனிதர்களுடைய பெர்க்‌ஷயர் துணி ஆலையில் இவற்றில் ஒன்றுகூட இல்லை. 1985இல் அதை மூடினார்கள். துணி ஆலை வழியே வந்தவள் என்பதால் அந்தக் கதை எனக்குக் கொஞ்சம் கசப்பாகவே இருந்தது.

வங்கிகளுக்கும் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் இந்தக் கணக்கைப் போடாதே. அவர்களுக்குப் பணமே சரக்கு. தொடங்கிச் சில ஆண்டுகளே ஆன நிறுவனங்களுக்கும் பொருந்தாது. வேகமாக விரிவாக்கம் செய்யும் நல்ல நிறுவனத்தை இது அநியாயமாகத் தண்டிக்கும். அங்கே மூலதனச் செலவில் இருப்பதைக் காப்பாற்றப் போனது எவ்வளவு, வளரப் போனது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும், அந்தப் பிரிவினையை நிறுவனங்கள் தெளிவாகச் சொல்வதில்லை. நூல் நூற்கும் கதிர்களான ஸ்பிண்டில்களின் எண்ணிக்கை பத்து ஆண்டுகளில் கூடாத ஓர் ஆலையில் செய்த செலவெல்லாம் காப்பாற்றுவதற்கே என்று நான் எடுத்துக்கொள்வேன். பணியாளர்களுக்கு நிறுவனப் பங்குகளாகக் கொடுத்த சம்பளம் ரொக்கத்தில் கழியாமல் இருக்கும் என்பதையும் மறந்துவிடாதே. மென்பொருள் நிறுவனம் பார்க்கும்போது அதைச் செலவாகக் கழித்துவிடு.

நீ கேட்ட ஆலைக்கு ஐந்து ஆண்டு லாபம் மட்டும் அனுப்பியிருக்கிறாய். அந்த ஐந்தில் பஞ்சு விலை இரட்டித்த காலமும் அடக்கம். 2015-16 முதலான ஆண்டறிக்கைகளை நிறுவனத்தின் தளத்திலோ பங்குச் சந்தையின் தளத்திலோ இறக்கி, தொழில் வழி ரொக்கம், மூலதனச் செலவு, கட்டிய வட்டி, குத்தகைத் தொகை, ஆண்டிறுதிக் கடன், பங்குகளின் எண்ணிக்கை, ஸ்பிண்டில் எண்ணிக்கை ஆகியவற்றை ஆண்டுவாரியாக ஒரே தாளில் எழுதி அனுப்பு. அரசின் தொழில்நுட்ப மேம்பாட்டு மானியம் வந்திருந்தால் அது எந்த ஆண்டில், கேஷ் ஃப்ளோ பக்கத்தில் எந்தத் தலைப்பில் சேர்ந்திருக்கிறது என்பதைத் தனியாகக் குறித்துவை. வரப்போகும் ஆண்டுகளில் அது கிடைக்கும் என்று எண்ணிச் சராசரியில் சேர்க்க முடியாது. குறியீட்டுப் பெருக்கலை நான் இங்கே போட்டுவைக்கிறேன். உன் விடையும் என் விடையும் ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டு விலையைப் பற்றிப் பேசலாம்.

அன்புடன்,
அம்மா