மண் பட்ட நோட்டை ஏற்றுக்கொள்ளுங்கள்

மதிப்பிற்குரிய கல்வி அதிகாரிகளுக்கு,

வணக்கம். காங்கயம் பக்கம் ஒரு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் நடத்துகிறேன். சென்ற மாதம் எங்கள் பள்ளியில் நடந்த ஆய்வின் குறிப்பு உங்கள் மேசைக்கு வந்திருக்கும். என் பதிவேடுகளில் கண்ட குறையும் அதில் இருக்கும். ஆகவே முழுக்கதையும் சொல்லவில்லை. ஏழாம் வகுப்புப் பிள்ளைகளின் களக் குறிப்பு நோட்டுகளைப் புரட்டிவிட்டு, "இதெல்லாம் ஆதாரமாகாது, படிவத்தில் சுத்தமாக எழுதி வாங்கி வையுங்கள்" என்றார்களே, அதைப் பற்றி மட்டும் பேசுகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். பிள்ளைகள் வெளியில் நின்று எழுதிய நோட்டை, எழுதியது எழுதியபடியே, பருவம் முழுக்க வகுப்பிலேயே நடத்தும் வளரறி மதிப்பீட்டுக்கு ஆதாரமாக ஏற்றுக்கொள்ளுங்கள்.

பள்ளிக்குப் பின்னால் கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதாவது மேய்ச்சல் காடு, ஒன்று இருக்கிறது. காட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு இரண்டு பீரியட் அங்கே போனோம். ஐப்பசி மழையில் புல் எழும்பியிருந்த சமயம். நான்கு குச்சி, கொஞ்சம் சணல் கயிறு, ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரம். மாடு மேய்கிற பக்கம் மூன்று இடம், மேய்ச்சலுக்கு விடாமல் அடைத்த பக்கம் மூன்று இடம். சதுரத்துக்குள் எத்தனை வகைச் செடி, கொழுக்கட்டைப் புல் எத்தனை தூர், சாணி வண்டு உண்டா இல்லையா என்று எண்ண வேண்டும். ஒரே சதுரத்தை இரண்டு குழுக்கள் தனித்தனியாக எண்ணும். ஓரிடத்தில் ஒரு குழு 14 தூர் என்றது, இன்னொன்று 19 என்றது. ஒரு தூர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே ஆரம்பிக்கிறது என்று மண்டி போட்டுச் சண்டை பிடித்து, கடைசியில் 17க்கு வந்தார்கள். அடித்துத் திருத்திய எண்கள் நோட்டில் அப்படியே இருக்கின்றன. நான் மதிப்பெண் போட்டது அந்தத் திருத்தத்துக்குத்தான்.

அந்த வகுப்பில் ஒரு பெண் படிக்கிறாள். வீட்டில் ஆடு உண்டு, சனி ஞாயிறு மேய்ப்பது அவள்தான். 'விதை பரவுதல் என்றால் என்ன?' என்ற இரண்டு மதிப்பெண் கேள்விக்குத் தாளில் ஒன்றுமே எழுதாதவள். அன்றைக்கு அவள்தான் என்னை வேலி ஓரம் கூட்டிப் போனாள். கோடையில் ஆட்டுப் பட்டி போட்டிருந்த இடம் அது. வெள்வேலாங்கன்றுகள் விரல் உயரத்துக்கு நெருக்கமாக முளைத்திருந்தன. "சித்திரையில வேலங்காயை ஆடு திங்குமுங்க டீச்சர். கொட்டை புழுக்கையில வந்துரும். அதுதானுங்க இங்க மட்டும் இத்தன மொளச்சிருக்குது" என்றாள். ஒரு கன்றை மெல்லப் பிடுங்கி, வேரில் ஒட்டியிருந்த பழைய புழுக்கைத் தூளை உள்ளங்கையில் உதிர்த்துக் காட்டினாள். நோட்டில் இப்படி எழுதியிருந்தாள்: "பட்டி போட்ட சதுரத்தில் 23 கன்று. போடாத சதுரத்தில் 2. ஒரு புல்லுக்குப் பேர் தெரியவில்லை, அப்பிச்சியைக் கேட்கணும்." அப்பிச்சி என்றால் எங்கள் பக்கம் அம்மாவின் அப்பா. மறுநாள் அந்தக் குறிப்பின் பக்கத்திலேயே வேறு மையில் புல்லின் பேர் இருந்தது.

எண்ணியிருக்கிறாள், ஒப்பிட்டிருக்கிறாள், காரணம் சொல்லியிருக்கிறாள், தெரியாததைத் தெரியாது என்று எழுதித் தேடிப் போயிருக்கிறாள். ஏழாம் வகுப்புப் பிள்ளையிடம் அறிவியலில் இதற்கு மேல் எதை மதிப்பிடுவது?

ஆய்வுக்குப் பிறகு நீங்கள் சொன்னபடியே செய்தேன். நோக்கம், தேவையான பொருட்கள், செய்முறை, முடிவு என்று கட்டம் போட்ட படிவம். 22 பிள்ளைகளும் கரும்பலகையைப் பார்த்து எழுதினார்கள். 22 தாளிலும் ஒரே எண், ஒரே முடிவு. 23க்கும் 2க்கும் அதில் இடமில்லை, அப்பிச்சிக்கும் இடமில்லை. எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டு அடுக்கி வைத்தவள் நான்தான். அதை நினைத்தால் இன்றைக்கும் மனசு கூசுகிறது.

2012-13இல் முப்பருவ முறை வந்தபோது எழுத்துத் தேர்வுக்கு 60, வளரறி மதிப்பீட்டுக்கு 40 என்று பிரித்தீர்கள். அந்த 40இல் பாதி செயல்பாடுகளுக்கு. எங்களைப் போன்றவர்கள் அன்று எவ்வளவு சந்தோஷப்பட்டோம் தெரியுமா? அந்த 20 மதிப்பெண் இன்று சார்ட் அட்டைக்கும் தெர்மாகோலுக்கும் போகிறது. பத்தாம் வகுப்பில் அறிவியல் செய்முறைக்கு 25 மதிப்பெண், அதுவும் ஆய்வகச் சுவருக்குள்ளேயே முடிந்துவிடுகிறது. 1991இல் உச்ச நீதிமன்றம் சுற்றுச்சூழலைக் கட்டாயப் பாடமாக்கச் சொன்னது. பாடமாக்கினோம், பிள்ளைகளை வெளியே மட்டும் விடவில்லை. நொய்யல் ஆற்றின் ஒரத்துப்பாளையம் அணையில் சாயக் கழிவு தேங்கியதையும், அதற்குக் கீழே தோட்டங்கள் பாழானதையும் கண்ணால் பார்த்த தாத்தாக்கள் இந்தப் பிள்ளைகளின் வீட்டில் இருக்கிறார்கள். பிள்ளைகளோ நீர் மாசுக்கு வரையறை மனப்பாடம் செய்கிறார்கள். திருப்பூர் நஞ்சராயன் குளம் 2024இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. ஒரு மதிப்பெண் கேள்விக்கு அதைச் சரியாக எழுதும் என் பிள்ளைகளில் ஒருவர்கூட அங்கே நின்று ஒரு பறவையை எண்ணியதில்லை. கூட்டிப் போக அனுமதி கேட்டால், பாடம் முடிந்ததா என்று கேட்கிறார்கள். அதுதான் பாடம் என்று எத்தனை தடவை சொல்வது?

பேச்சு எங்கோ போய்விட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

வெளியில் செய்வதற்கு ஆசிரியர் இஷ்டப்படி மதிப்பெண் போட்டுவிடுவார் என்பது உங்கள் கவலையாக இருக்கலாம். நியாயமான கவலைதான். நான் பார்ப்பது நான்கு: எண்ணியதை எண்ணியபடி எழுதினார்களா, மற்ற குழுவோடு ஒத்துவராதபோது திரும்ப எண்ணினார்களா, இரண்டு இடங்களுக்கும் உள்ள வித்தியாசத்துக்குக் காரணம் சொல்ல முயன்றார்களா, அந்த இடத்திலேயே நான் கேட்கும் ஒரு கேள்விக்குத் தங்கள் குறிப்பிலிருந்து பதில் சொன்னார்களா. ஒவ்வொன்றுக்கும் எத்தனை மதிப்பெண் என்பதைக் கிளம்பும் முன்பே பிள்ளைகளிடம் சொல்லிவிடுகிறேன். சந்தேகம் இருந்தால் நோட்டோடு யாரும் அந்தக் காட்டுக்கு வந்து அதே இடத்தில் சதுரம் போட்டுப் பார்க்கலாம். படிவத்தில் எழுதியதை அப்படிச் சோதிக்க முடியாது.

ஆகவே மறுபடியும் பணிவோடு கேட்கிறேன். களத்தில் எழுதிய நோட்டு ஆதாரமாகும் என்று ஒரு வரிச் சுற்றறிக்கை அனுப்புங்கள். திரும்ப எழுதச் சொல்லாதீர்கள். மண் பட்டிருக்கும், கோந்து போட்டு ஒட்டிய புல் உதிரும், எழுத்துப் பிழையும் இருக்கும். அப்படியே பாருங்கள்.

மூன்றாம் பருவத்தில், வெயில் ஏறிப் புல் காய்ந்த பிறகு, அதே இடங்களை மறுபடி எண்ணப் போகிறோம். அந்த 23 கன்றில் எத்தனை மிஞ்சும் என்று அந்தப் பெண் இப்போதே ஓர் எண்ணை எழுதி வைத்திருக்கிறாள். நாங்கள் காட்டுக்குக் கிளம்பும் முன் உங்கள் பதில் வந்தால், இந்த முறை எந்தத் தாளையும் நகல் எடுக்கச் சொல்லாமல் இருப்பேன்.

இப்படிக்கு,
அறிவியல் ஆசிரியை ஒருத்தி,
காங்கயம் வட்டாரம்