லிஸியின் பள்ளிக்கூடம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழில் பெண்ணிய நாவல்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையில் எங்கள் மாவட்டக்காரரான ஹெப்சிபா ஜேசுதாசனுக்கு ஒரே ஒரு வரிதான். அவரது 'புத்தம் வீடு' பனையேறிகளைப் பற்றிய வட்டார நாவலாம். சரி, அது வட்டார நாவல்தான். ஆனால் எனக்கு அது முதலில் ஒரு பெண்பிள்ளையின் கதை.

லிஸி பெரியவளானதும் பள்ளிக்கூடம் நின்றுபோகிறது. வாசலைத் தாண்டுவதும் நின்றுபோகிறது. பனையேறி வீட்டுத் தங்கராஜ் மேல் வைத்த ஆசையை மட்டும் அவள் விடவில்லை. 1964-இல் இதை எழுதியிருக்கிறார். பெண்ணியம் என்ற சொல்லே அப்போது இங்கே புழக்கத்தில் இல்லை.

என் அம்மாவின் படிப்பும் 1966-இல் அப்படித்தான் எட்டாம் வகுப்போடு நின்றது. அப்புறம் அக்கானி, அதாவது பதநீர், காய்ச்சும் வேலை. பனையேறுகிறவரின் பாட்டை எல்லாரும் பேசுவார்கள். அவர் இறக்கி வைத்த அக்கானியைக் கருப்பட்டியாக்குவது வீட்டுப் பெண்கள்தான். பதம் தப்பினால் அன்றைய பாடு அத்தனையும் வீண். புகைக்குள் நின்று கிண்டிக்கொண்டே இருக்க வேண்டும், சூடு ஆறுவதற்குள் சிரட்டையில் ஊற்றிவிட வேண்டும். பாகு தெறித்த தழும்புகள் அம்மாவின் வலது கையில் இன்னும் இருக்கின்றன.

அம்மாவுக்குக் கண்புரை எடுத்திருந்தபோது நாவலை நான் வாசித்துக் காட்டினேன். லிஸியின் படிப்பு நிற்கிற இடத்தில், "கொஞ்சம் நிறுத்து மக்ளே" என்றாள். ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, தன் புத்தகங்களையெல்லாம் தன்னுடைய அப்பா பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தூக்கிக் கொடுத்ததைச் சொன்னாள். இத்தனை வருஷத்தில் எங்களிடம் ஒருநாளும் அவள் சொல்லாத விஷயம்.

ஹெப்சிபா 1925-இல் பர்மாவில் பிறந்தவர். திருவனந்தபுரத்தில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்தார். நாவல் எழுதியதோ தமிழில். 'டாக்டர் செல்லப்பா', 'அநாதை', பர்மாவைக் களமாகக் கொண்ட 'மா-னீ' என்று தொடர்ந்து எழுதினார். தமிழ் இலக்கிய வரலாற்றை ஆங்கிலத்தில் பல தொகுதிகளாகவும் எழுதியிருக்கிறார். தக்கலைக்குப் பக்கத்திலுள்ள புலியூர்க்குறிச்சிதான் சொந்த ஊர். 2012-இல் மறைந்தார்.

அவருக்காக ஒரு இதழில் நாலு பக்கம் ஒதுக்குங்கள். 'மா-னீ'யைப் பற்றி யாரிடமாவது கட்டாயம் எழுதி வாங்குங்கள். அம்மாவுக்கு அடுத்து அதைத்தான் வாசித்துக் காட்டப் போகிறேன்.

இப்படிக்கு,
வாசகி, மார்த்தாண்டம்